முதல்நூல் எது?
தாம்பரத்தில் பயின்ற சுதர்சனும் இயற்பியலின் தீரா வழக்குகளும்

குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர் என்பதைத் தமிழுலகம் நன்கறியும். அவ்வூருக்குத் தெற்கே ஐந்தாறு கல் தொலைவில் உள்ள தாம்பரத்தில், இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் பெருவாதங்கள் சிலவற்றுக்குக் காரணமான ஒருவர் பட்டம் பயின்றார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தாம் ஈ. சி. ஜி. சுதர்சன். இயற்கையின் அடிப்படை விசைகளுள் ஒன்றின் வடிவத்தைக் கண்டவர். ஒளியின் இயல்பைக் குவாண்டம் கொள்கைவழி விளக்கியவர். ஒளியினும் விரைந்து செல்லும் துகள் இருத்தல் கூடும் என்று துணிந்து எழுதியவர். இடைவிடாது நோக்கப்படும் பொருள் மாற்றமின்றி நிற்கும் என்று கணித்துக் காட்டியவர். இந்நான்கும் வாதத்திற்கு உள்ளாயின. சில வாதங்கள் இன்றும் தீரவில்லை.

அறிவியல் என்பது முடிந்த முடிபுகளின் தொகுதி என்று கருதுவோர் பலர். பாடநூல்களும் அவ்வெண்ணத்தையே வளர்க்கின்றன. ஆயினும் அறிவியல் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு அது ஒரு வழக்கு மன்றமாகவே தோன்றும். அங்கு நிகழும் வழக்குகள் இருவகைப்படும். இதனை முதலில் கண்டவர் யார் என்பது ஒன்று. இயற்கை ஏன் இவ்வாறு அமைந்தது என்பது மற்றொன்று. முன்னது மனிதரைப் பற்றியது. பின்னது இயற்கையைப் பற்றியது. சுதர்சனின் வாழ்க்கையில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. எந்த வழக்கு எத்தகையது என்று பிரித்தறிவது வரலாற்றைப் படிப்போர் கடன்.

தாம்பரத்து மாணவர்

சுதர்சன் 1931ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள், அந்நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் ஊரில் பிறந்தார். தாய்மொழி மலையாளம். கோட்டயத்து சி.எம்.எஸ். கல்லூரியில் பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிதிமாற் கலைஞர் தமிழ் கற்பித்த கல்லூரி என்னும் வகையில் தமிழர்க்கு அக்கல்லூரி முன்பே அறிமுகமானது. ஜார்ஜ் டவுனில் நூறாண்டுகள் இயங்கிய அது, 1937ஆம் ஆண்டில் தாம்பரத்துக் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. மரங்கள் அடர்ந்த அவ்வளாகத்தில் பயின்ற சுதர்சன் 1951இல் இயற்பியல் ஆனர்சு பட்டமும், அடுத்த ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

பின்னர்ப் பம்பாயில் ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சிலகாலம் பணியாற்றினார். அங்கிருந்து அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்று ராபர்ட் மார்ஷாக் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவர் சேர்ந்த காலம் இயற்பியல் பெருங்குழப்பத்தில் ஆழ்ந்திருந்த காலமாகும்.

சங்கும் கண்ணாடியும்

அணுக்கருவிலிருந்து எலெக்ட்ரான் வெளிப்படும் பீட்டாச் சிதைவுக்குக் காரணமானது மென்விசை. அச்சிதைவில் ஆற்றலின் ஒரு பகுதி காணாமற் போவதைக் கண்ட பௌலி, கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத ஒரு துகள் அதனைக் கொண்டுசெல்கிறது என்று 1930இல் கருதினார். அத்துகளே நியூட்ரினோ. அதனை உட்கொண்டு என்ரிகோ பெர்மி மென்விசைக்கு முதற்கொள்கை வகுத்தார். 1956இல் ரைன்சும் கோவனும் நியூட்ரினோவைச் சோதனையில் கண்டனர். துகள் கிடைத்தது, விசையின் வடிவம் மட்டும் விளங்கவில்லை.

அக்காலத்து இயற்பியலார் ஐயமின்றி நம்பிய கொள்கை ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சி இயற்கையில் நிகழுமாயின், கண்ணாடியில் தோன்றும் அதன் எதிருருவும் அதே அளவில் நிகழக்கூடும் என்பதே அது. இடம்புரிச் சங்கைக் கண்ணாடிமுன் வைத்தால் வலம்புரியாகத் தோன்றும். வலம்புரி அரிதாயினும் கடலில் கிடைப்பதே. இயற்கை அதனை விலக்கவில்லை. அவ்வாறே அணுவுலகிலும் இடமும் வலமும் சமம் என்று கருதினர். மென்விசைக்கு இதற்குச் சான்று உண்டா என்று 1956இல் லீ, யாங் என்னும் சீன அறிஞர் இருவர் வினவினர். எவரும் சோதித்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சியன்-ஷியுங் வூ என்னும் பெண்மணி தலைமையில் நடந்த கோபால்ட் சோதனை 1957 சனவரியில் விடை கூறியது. மென்விசைக்கு இடமும் வலமும் சமம் அல்ல. லீயும் யாங்கும் அவ்வாண்டே நோபல் பரிசு பெற்றனர். சோதனையை நிகழ்த்திய வூ அப்பரிசில் இடம்பெறவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

சமம் அல்ல என்பது தெரிந்தது. அவ்வாறாயின் அவ்விசையின் வடிவம் யாது? கணித முறைப்படி ஐந்து வடிவங்கள் இயலும். ஒரு சோதனை ஒரு வடிவத்தையும் மற்றொரு சோதனை வேறொரு வடிவத்தையும் காட்டிற்று. எல்லாச் சோதனைகளையும் ஏற்றால் எந்தக் கொள்கையும் நிற்காது என்னும் நிலை ஏற்பட்டது.

நான்கு சோதனைகளை மறுத்த மாணவர்

இருபத்தைந்து வயதினரான சுதர்சன் அதுவரை வெளியான சோதனை முடிவுகள் அனைத்தையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். மென்விசை எல்லாத் துகள்களுக்கும் பொதுவான ஒரே வடிவுடையதாயின் அது ஒன்றாகத்தான் இருத்தல் கூடும் என்று கண்டார். அதுவே 'வி மைனஸ் ஏ' எனப்படும் வடிவம். இதில் 'வி' என்பது திசையனையும், 'ஏ' என்பது அச்சுத் திசையனையும் குறிக்கும்.

இதனை அம்பும் பம்பரமும் கொண்டு விளக்கலாம். கண்ணாடியை நோக்கி அம்பை நீட்டினால் உள்ளிருக்கும் அம்பு எதிர்த்திசையில் நம்மை நோக்கும். பம்பரத்தின் ஆணியைக் கண்ணாடிப்பக்கம் திருப்பிச் சுழற்றினாலோ, உள்ளிருக்கும் பம்பரமும் அதே சுழற்சியிலேயே சுழலும். திசையன் அம்பு போன்றது. அச்சுத் திசையன் பம்பரச் சுழற்சி போன்றது. கண்ணாடி ஒன்றை மாற்றுகிறது, மற்றொன்றை மாற்றுவதில்லை. இவ்விரண்டும் சம அளவில், ஒன்றிலிருந்து ஒன்று கழிபடுமாறு கலந்தால், செல்லும் திசைக்கு எதிர்முறையில் சுழலும் 'இடக்கை' நியூட்ரினோ மட்டுமே விசையில் பங்குகொள்ளும். வலக்கைக்கு அங்கு இடமே இல்லை.

இம்முடிபுக்கு ஒரு விலை இருந்தது. புகழ்பெற்ற ஆய்வுக்கூடங்களில் நடந்த நான்கு சோதனைகள் தவறு என்று கூறியாக வேண்டும். 1953இல் ஹீலியம்-6 கொண்டு நடத்திய சோதனை அவற்றுள் ஒன்று. பயான் என்னும் துகள் எலெக்ட்ரானாகச் சிதைவதே இல்லை என்று கூறிய சோதனை மற்றொன்று. மியூவான் சிதைவிலும் நியூட்ரான் சிதைவிலும் செய்த அளவீடுகள் ஏனைய இரண்டு. சுதர்சனும் மார்ஷாக்கும் இந்நான்கையும் பெயர் சுட்டி, மீண்டும் செய்யப்பட வேண்டியவை என்று எழுதினர்.

நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் கருத்தை மறுத்தலும் ஒன்று. தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தலும் ஒன்று. இவ்விரண்டையும் ஓர் ஆய்வு மாணவர் ஒரே கட்டுரையில் செய்தார். காலம் அவர் பக்கம் நின்றது. 1957 இறுதியில் புரூக்கேவனில் நடந்த நுட்பமான சோதனை நியூட்ரினோ இடக்கையே என்று காட்டியது. 1958இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் பயானின் எலெக்ட்ரான் சிதைவு காணப்பட்டது. ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒன்று என்னும் அதன் அளவும் கொள்கையோடு பொருந்தியது. மற்றவையும் மீண்டும் செய்யப்பட்டபோது திருந்தின. நான்கு சோதனைகளும் தவறு என்பது உறுதியாயிற்று.

மேடை ஏறாத கருத்து

கருத்து உண்மையாயினும் அது உலகைச் சென்றடைந்த வரலாறு வேறு. 1957 ஏப்ரலில் ரோச்செஸ்டரிலேயே உலக இயற்பியலார் மாநாடு கூடிற்று. சுதர்சனின் முடிபு அப்போதே உருப்பெற்றிருந்தது. ஆயினும் ஆய்வு மாணவர் ஆதலின் அவருக்கு மேடை கிட்டவில்லை. மார்ஷாக் வேறொரு பொருள் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். தம் சார்பில் குறிப்பிடுமாறு அவர் வேண்டிக்கொண்ட மற்றோர் அறிஞரும் அதனைக் குறிப்பிடாமல் விட்டார். மார்ஷாக்கும் சுதர்சனும் பின்னாளில் எழுதிய நினைவுகளால் இவை தெரியவருகின்றன.

அவ்வாண்டு கோடையில் கலிபோர்னியாவில் முர்ரே கெல்-மான் உள்ளிட்ட சிலரிடம் சுதர்சன் தம் ஆய்வை நேரில் விளக்கினார். செப்டம்பரில் இத்தாலியின் பதுவா-வெனிசு மாநாட்டில் மார்ஷாக் அக்கட்டுரையை அளித்தார். அம்மாநாட்டுத் தொகுதி அச்சாகி வெளிவர 1958 ஆயிற்று. இதற்கிடையில் ரிச்சர்ட் ஃபெய்ன்மனும் கெல்-மானும் இணைந்து எழுதிய கட்டுரை 1958 சனவரியில் 'பிசிக்கல் ரெவ்யூ' இதழில் வெளிவந்தது. கருத்து அதே வி மைனஸ் ஏ. சுதர்சன், மார்ஷாக் இருவரும் அவ்விதழுக்கு அனுப்பிய சிறு குறிப்பு அவ்வாண்டு மார்ச்சில்தான் அச்சேறியது. உலகம் முதலில் படித்ததே முதல்நூல் ஆயிற்று.

இங்கு ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுவது வரலாற்றுக்கு அழகன்று. ஃபெய்ன்மன் தமக்கே உரிய வேறொரு கணித வழியால் இம்முடிபை எய்தினார். அந்நாட்களின் களிப்பை 1985இல் வெளிவந்த தம் நினைவு நூலில் விரிவாக எழுதியுமுள்ளார். அவர்களது கட்டுரையில் மேலும் ஓர் ஆழமான கருத்து இருந்தது. மின்விசையில் மின்னூட்டம் அழியாது காக்கப்படுவதுபோல் மென்விசையின் திசையன் பகுதியும் காக்கப்படும் என்பதே அது. அக்கருத்தையோ சோவியத் நாட்டு கெர்ஷ்டைனும் செல்டோவிச்சும் 1955இலேயே எழுதியிருந்தனர். முதல் யார் என்று தோண்டத் தோண்ட மற்றொரு முதல் கிடைப்பது அறிவியலின் இயல்பு போலும்.

கெல்-மான் தம் கட்டுரையின் முடிவில், மார்ஷாக், சுதர்சன் இருவருடன் நடந்த பயனுள்ள உரையாடலுக்கு நன்றி கூறியிருந்தார். 1963இல் ஃபெய்ன்மன், இக்கொள்கையைக் கண்டவர்கள் சுதர்சனும் மார்ஷாக்குமே என்றும், தாமும் கெல்-மானும் அதனைப் பரப்பியவர்கள் என்றும் கூறியதாகப் பதிவு உள்ளது. இவ்வொப்புதல் பெருந்தன்மையானதே. ஆயினும் உரையாடலுக்குக் கூறும் நன்றிக்கும், இது அவர் கண்டது என்று முகப்பிலேயே கூறுவதற்கும் இடைவெளி மிகுதி. வி மைனஸ் ஏ கொள்கைக்கென நோபல் பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. அதன்மேல் எழுப்பப்பட்ட மின்மென்விசைக் கொள்கைக்காக கிளாசோ, சலாம், வைன்பர்க் மூவரும் 1979இல் பரிசு பெற்றனர்.

ஒளியின் வழக்கு

இரண்டாம் வழக்கு ஒளி பற்றியது. ஒளி அலை என்பது பழைய கொள்கை. ஃபோட்டான் என்னும் சிறுகூறுகளின் தொகுதி என்பது குவாண்டம் கொள்கை. 1960இல் லேசர் தோன்றியபின், ஒளியின் ஒத்திசைவை விளக்க அலைக் கொள்கை போதுமா, குவாண்டம் கொள்கை வேண்டுமா என்னும் வினா கூர்மை பெற்றது. 1963 தொடக்கத்தில் ஹார்வர்டின் ராய் கிளாபர், குவாண்டம் கொள்கையே வேண்டும் என்று வாதிட்டு எழுதினார். சில வாரங்களிலேயே, ஏப்ரலில், சுதர்சனின் கட்டுரை வெளிவந்தது. ஒளியின் எந்நிலையையும் 'ஒத்திசைவு நிலைகள்' எனப்படுபவற்றின் எடையிட்ட கூட்டாக எழுதலாம் என்று அவர் நிறுவினார். அவ்வாறு எழுதினால் குவாண்டம் கணக்கு பழைய அலைக் கணக்கின் வடிவையே பெறும். ஒரே வேறுபாடு உண்டு. பழைய கணக்கில் எடை எப்போதும் நேர் எண்ணாகவே இருக்கும். தூய குவாண்டம் ஒளியிலோ எடை எதிர் எண்ணாகவும் மாறும். எங்கு அவ்வெடை எதிராகிறதோ அங்குப் பழைய கொள்கை நின்றுவிடுகிறது. இரு கொள்கைகளுக்கும் இடையிலான எல்லைக்கல்லை நட்டவர் என்று சுதர்சனைக் கூறுவது பொருந்தும்.

கிளாபரும் அவ்வாண்டிலேயே அவ்வடிவை விரித்து எழுதினார். இன்று பாடநூல்கள் அதனைக் கிளாபர்-சுதர்சன் உருவாக்கம் என்று இருவர் பெயராலும் வழங்குகின்றன. 2005ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதி, ஒளி ஒத்திசைவின் குவாண்டம் கொள்கைக்காகக் கிளாபர் ஒருவருக்கே வழங்கப்பட்டது; மறுபாதியை லேசர் அளவீட்டு ஆய்வுக்காக ஹால், ஹென்ஷ் இருவரும் பெற்றனர். சுதர்சன் இதனை எதிர்த்து எழுதினார். இயற்பியலார் சிலரும் அவருக்காகக் குரல் கொடுத்தனர். தீர்ப்பு மாறவில்லை. கிளாபரின் பணி முன்னோடிப் பணி என்பதில் ஐயமில்லை. அவருடன் பகிர்தற்குரிய ஒருவர் விடுபட்டார் என்பதே வழக்கு. பாடநூலில் இரு பெயர். பரிசுப் பட்டியலில் ஒரு பெயர். எந்த ஆவணத்தை வரலாறு நம்புவது என்னும் வினாவை இது எழுப்புகிறது.

ஒளியினும் விரைவானது

இதுவரை கூறியவை பெரும்பாலும் முதல்வகை வழக்குகள். இனிக் கூறுபவை இயற்கையோடு தொடுக்கும் வழக்குகள். இவற்றில் அவைத்தலைவர்க்கும் இதழாசிரியர்க்கும் வேலை இல்லை.

எப்பொருளும் ஒளியின் வேகத்தை எட்ட இயலாது என்பது ஐன்ஸ்டைன் சார்புக் கொள்கையின் முடிபு. 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோருடன் சேர்ந்து சுதர்சன் ஒரு வினா எழுப்பினார். மெதுவான பொருளை முடுக்கி ஒளிவேகத்தைக் கடக்கச் செய்ய இயலாது, உண்மை. பிறக்கும்போதே ஒளியினும் விரைவாகப் பிறந்த துகள் இருக்கலாகாதா? மலையின் இப்பக்கத்தார் சிகரத்தைத் தாண்ட இயலாமையால் அப்பக்கத்தில் மக்களே இல்லை என்று கூறிவிட இயலுமா என்பது அவ்வாதத்தின் சாரம். 1967இல் ஜெரால்டு பைன்பர்க் இத்துகளுக்கு விரைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் 'டாக்கியான்' எனப் பெயரிட்டார்.

இதில் பெருஞ்சிக்கல், சிலர் நோக்கில் அத்துகள் எதிர்மறை ஆற்றலுடன் காலத்தில் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதாகும். விளைவு காரணத்துக்கு முந்தினால் உலகம் என்னாவது? சுதர்சன் குழுவினர் இதற்கும் விடை கூறினர். கடனை ஒருவர் இழந்தால் அது வரவாகும் அன்றோ? அதுபோல், எதிர்மறை ஆற்றல் காலத்தில் பின்னோக்கிச் செல்வதை, நேர் ஆற்றல் முன்னோக்கிச் செல்வதாகவே மாற்றிப் படித்துக்கொள்ளலாம் என்றனர். இவ்விடை பலருக்கு நிறைவளிக்கவில்லை, வாதம் தொடர்ந்தது.

2011 செப்டம்பரில், ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள் இருந்த ஆய்வகத்துக்கு நியூட்ரினோக்கள் ஒளியைக் காட்டிலும் ஏறத்தாழ 60 நானோ நொடி முன்னதாக வந்தன என்று ஒரு குழு அறிவித்தது. உலகச் செய்தித்தாள்கள் பரபரத்தன. அடுத்த ஆண்டே, ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படாமையே அப்பிழைக்குக் காரணம் என்று தெரிந்தது. டாக்கியான் இன்றுவரை எச்சோதனையிலும் காணப்படவில்லை.

1957இல் நான்கு சோதனைகளை எதிர்த்து நின்ற துணிவும், 1962இல் ஒளிவேக எல்லையை வினவிய துணிவும் ஒரே நெஞ்சில் பிறந்தவை. முன்னதற்கு இயற்கை ஆம் என்றது. பின்னதற்கு இன்னும் ஆம் எனவில்லை. துணிவு மட்டுமே உண்மைக்குச் சான்றாகாது. அத்துணிவு இல்லாதவிடத்து உண்மை வெளிப்படுவதும் அரிது.

நோக்க நிற்கும் அம்பு

பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் இருக்கிறது. ஆதலின் அது அசைவதே இல்லை என்று வாதித்தவர் கிரேக்க நாட்டுச் சீனோ. 1977இல் வைத்யநாத் மிஸ்ராவும் சுதர்சனும் அப்பெயரையே தங்கள் குவாண்டம் புதிருக்குச் சூட்டினர்.

புதிர் இது. குவாண்டம் நிலை ஒன்று மாறத் தொடங்கும் முதற்சிறு காலத்தில், மாறுவதற்கான வாய்ப்பு காலத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது. காலத்தைப் பாதியாக்கினால் வாய்ப்பு கால்பங்காகும். ஒரு சிற்றிடைவெளியின் நடுவிலும் முடிவிலும் என இருமுறை நோக்கினால், கால் பங்கும் கால் பங்கும் சேர்ந்து முன்னிருந்த வாய்ப்பில் பாதியே எஞ்சும். நூறுமுறை நோக்கினால் நூறில் ஒரு பங்கு. இடைவிடாது நோக்கினால் மாற்றமே நிகழாது. ஒவ்வொரு நோக்கும் அப்பொருளைத் தொடக்க நிலைக்கே மீட்டு விடுகிறது.

1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரத்து ஆய்வகத்தில் இட்டானோ, வைன்லாந்து முதலியோர் சில ஆயிரம் பெரிலியம் அயனிகளை மின்காந்தப் பொறியில் அடைத்து இதனைச் சோதித்தனர். நோக்கும் ஒளித்துடிப்புகளின் எண்ணிக்கை மிகமிக மாற்றம் குறைந்தது. கணக்கு மெய்யாயிற்று. வாதம் மட்டும் ஓயவில்லை. நோக்கியதால் மாற்றம் நின்றதா, ஒளித்துடிப்பு அயனியைத் தாக்கியதால் நின்றதா? நோக்குதல் என்று இயற்பியலில் தனிச்செயல் ஒன்று உண்டா, அதுவும் மற்றுமொரு தாக்கமே தானா? குவாண்டம் கொள்கை பிறந்து ஒரு நூற்றாண்டு ஆகிறது. அதன் கணக்குகள் பிழைத்ததில்லை. அளத்தல் என்பது யாது என்னும் வினாவில் மட்டும் அறிஞர் இன்றும் ஒருமைப்படவில்லை.

இவ்வாய்வுக்கு அடியிட்ட கட்டுரைகளுள் ஒன்றில் சென்னைக்கும் பங்குண்டு. சூழலோடு உறவாடும் குவாண்டம் அமைப்பு காலப்போக்கில் மாறும் முறையைப் பற்றி 1961இல் சுதர்சனுடன் எழுதியவர்கள் பி. எம். மாத்யூசும் ஜெயசீதா ராவும் ஆவர். மாத்யூஸ் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவர். குவாண்டம் கணினி பற்றி இன்று நிகழும் ஆய்வுகள் அக்கட்டுரையை மீண்டும் எடுத்துப் படிக்கின்றன.

ஏன் இடம்?

மீண்டும் நியூட்ரினோவுக்கு வரலாம். மென்விசை இடக்கையையே தழுவும் என்று சுதர்சன் கண்டார். ஏன் தழுவுகிறது என்று அவரும் கூறவில்லை. அவருக்குப் பின் வந்தோரும் கூறவில்லை. வி மைனஸ் ஏ இயற்கை எவ்வாறு உள்ளது என்பதைக் கூறுகிறது. அவ்வாறு இருப்பதன் காரணம் அதனுள் இல்லை.

1998இல் இந்த வினா மேலும் சிக்கலாயிற்று. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம், நியூட்ரினோக்கள் செல்லும் வழியிலேயே ஒருவகையிலிருந்து மற்றொரு வகையாக மாறுவதைக் கண்டது. நிறை இன்றி அம்மாற்றம் நிகழாது. கனடாவின் சட்பரி ஆய்வகமும் இதனை உறுதி செய்தது. இவற்றுக்காகக் கஜிட்டாவும் மெக்டொனால்டும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். நிறையுள்ள துகள் ஒளியினும் மெதுவாகவே செல்லும். அவ்வாறாயின் அதனை முந்திச் செல்லும் ஒருவர் இருத்தல் கூடும். அவர் திரும்பிப் பார்த்தால் துகளின் செலவு எதிர்த்திசையில் தோன்றும், சுழற்சி மாறாது. இடக்கையாக இருந்தது வலக்கையாகத் தோன்றும். அந்த வலக்கை நியூட்ரினோ யார்? எதிர்த்துகள் எனப்படுவதே அதுவா? அவ்வாறாயின் நியூட்ரினோ தனக்குத் தானே எதிர்த்துகள் ஆகும். அல்லது மென்விசைக்கும் அகப்படாது மறைந்து திரியும் புதிய துகளா? முன்னது உண்மையாயின், அரிய அணுக்கரு சிலவற்றில் நியூட்ரினோ இன்றியே இரு எலெக்ட்ரான்கள் ஒருங்கே வெளிப்படும் சிதைவு நிகழ வேண்டும். பல நாட்டு ஆய்வகங்கள் நிலத்தடியில் அதற்காகக் காத்திருக்கின்றன. இன்றளவும் அது காணப்படவில்லை.

ரோச்செஸ்டர் மாநாட்டில் யார் பேசினார், யார் பேசவில்லை என்பதற்கும் இந்த வினாவுக்கும் தொடர்பில்லை. பரிசுக்குழு தீர்க்கக் கூடியதும் அன்று இது. இயற்கை வாய் திறக்கும்வரை வழக்கு நிலுவையில் கிடக்கும்.

முதல்நூலும் வழிநூலும்

சுதர்சன் 1969 முதல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1980களில் ஐந்தாண்டுகள் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 1962இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், தாம் பயின்ற தாம்பரத்துக்கு அணித்தே இருந்தது. 1976இல் பத்ம பூஷண், 2007இல் பத்ம விபூஷண், 2010இல் டிராக் பதக்கம் ஆகிய சிறப்புகள் அவரை வந்தடைந்தன. 2018ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் ஆஸ்டின் நகரில் மறைந்தார்.

முதலில் கண்டவர் யார் என்னும் வழக்கு வெறும் புகழ்ப்போட்டி என்று ஒதுக்கத் தக்கதா? அன்று. தாம்பரத்திலோ கோட்டயத்திலோ பயிலும் மாணவர் ஒருவர், தமக்குத் தோன்றியதை அவையில் கூறும் துணிவு பெறுவது, கூறியது தம் பெயரால் நிற்கும் என்னும் நம்பிக்கையால்தான். அந்நம்பிக்கை குலைந்தால் அடுத்த நான்கு சோதனைகளை மறுக்க எவரும் முன்வாரார். இழப்பு ஒரு மனிதருக்கு உரியதன்று. அறிவுலகம் முழுமைக்கும் உரியது.

தமிழ் மரபு இதற்குத் தக்க சொற்களை வைத்திருக்கிறது. முதல்நூல், வழிநூல் என்று நூலை இரண்டாக வகுத்தார் தொல்காப்பியர். தொகுத்தலும் விரித்தலும் வழிநூலின் நெறிகளாகும். வழிநூல் என்பது இழிவு கருதிய சொல் அன்று. எதன் வழியில் வந்தது என்பதை ஒளிக்காத நேர்மையை அச்சொல்லே தன்னுள் கொண்டுள்ளது. குன்றத்தூர்ச் சேக்கிழார் அநபாயன் அவையில் முதலமைச்சர்; பெருங்காப்பியம் பாடிய புலவர். அவர் நினைத்திருந்தால் அடியார் வரலாற்றைத் தம் முதல்நூலாகவே காட்டியிருக்கலாம். அவரோ சுந்தரரின் திருத்தொண்டத்தொகையையும், நம்பியாண்டார் நம்பி அதனை வகுத்துப் பாடிய அந்தாதியையும் காப்பியத்தின் தொடக்கத்திலேயே சுட்டி, அவ்வழியே தாம் விரிப்பதாகக் கூறினார். தொகை, வகை, விரி என்று மூவர் பெயரும் இன்றும் ஒன்றாகவே வழங்குகின்றன. விரித்தவர் பெருமை அதனால் ஓர் அணுவும் குறையவில்லை.

இயற்பியல் தன் முதல்வகை வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள இத்தகைய வழக்கம் ஒன்றே போதும். இரண்டாம் வகை வழக்குகளுக்கு அத்தகைய எளிய மருந்து இல்லை. இடக்கையின் காரணமும், நோக்கின் இயல்பும், ஒளிக்கு அப்பாலுள்ள வேகமும் இன்னும் முதல்நூல் எழுதப்படாத பொருள்களாகவே உள்ளன.